விலையில்லாப் பட்டறையும் வெகுண்டெழுந்த காடும்

ஒரு காட்டில் கணினி நிரல் எழுதத் தெரிந்த விலங்குகள் தேவைக்கு மேல் பெருகியிருந்தன. மரத்துக்கு மரம் ஒரு கணினி. கிளைக்குக் கிளை ஒரு நிரலர். மான்கள்கூட மேய்ந்த நேரம் போக மிச்ச நேரத்தில் புல்லைக் கணக்கிடும் செயலிகளை எழுதின. புல்லைக் கணக்கிட வேண்டிய தேவை எந்த மானுக்கும் எழவில்லை. ஆயினும் எழுதின.

இத்தனைக்கும் காரணம், கசபதி என்னும் யானையார் நடத்திய நிறுவனம் விலையின்றி வழங்கிவந்த 'பட்டறை' என்னும் கருவி. அதைத் திறந்து, எழுத வேண்டியதை எழுதி, 'கட்டு' என்ற பொத்தானை அழுத்தினால் போதும். செயலி ஒன்று உருவாகி வெளியே வந்து நிற்கும்.

அக்காட்டில் வடிவாம்பாள் என்றொரு தேவாங்கு வாழ்ந்தாள். பெரிய கண்கள், மெலிந்த விரல்கள், நிதானமான நடை. அவள் எழுதிய செயலிகளில் ஒன்றுக்கு மட்டும் உண்மையான பயன் இருந்தது. அதன் பெயர் 'கரைமணி'. ஓடையில் வெள்ளம் ஏறத் தொடங்கினால், கரையோர வளைகளில் இருக்கும் மேசைக் கணினிகளில் அது மணி அடிக்கும். வளைகளில் வாழும் முள்ளம்பன்றிகள் அந்த மணியை நம்பித்தான் மழைக்காலத்தில் கண் மூடின.

சென்ற ஆண்டுப் புயலில் ஓடை தன் போக்கை மாற்றிக்கொண்டு வளைகளுக்கு மிக அருகில் வந்துவிட்டது. கரைமணியோ பழைய போக்கையே நம்பிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால், வெள்ளம் உள்ளே புகுந்து குட்டிகளை மூழ்கடித்த பிறகுதான் மணி அடிக்கும். அதைச் சரிசெய்ய ஒரு வரியைத் திருத்தினால் போதும். வானம் கறுத்துவரக் கண்ட வடிவாம்பாள், பட்டறையைத் திறந்தாள்.

"இப்பதிப்பின் காலம் முடிந்தது. மகிழ்ச்சியோடு புதிய பதிப்புக்கு மாறுக!" என்றது அது.

மகிழ்ச்சி இல்லாமலேயே மாறினாள். புதிய பட்டறை திறந்தது. திரை முழுவதும் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகப் பெரிய பெரிய கட்டங்கள். எழுத வேண்டிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, வரியைத் திருத்தி, 'கட்டு' பொத்தானை அழுத்தினாள்.

"விலையில்லாப் பதிப்பில் தொடுபலகைகளுக்கான செயலிகளை மட்டுமே கட்டலாம். மேசைக் கணினி கடந்த காலத்தைச் சேர்ந்தது. கடந்த காலத்துக்குச் செல்ல விரும்புவோர் விலைப்பதிப்பை வாங்குக."

விலை, ஒரு யானைக்கூட்டம் ஆண்டு முழுவதும் தின்னும் கரும்பு. வடிவாம்பாளின் வருமானமோ வண்டுகளும் வெட்டுக்கிளிகளும்.

அந்நேரம் பார்த்து முள்ளம்பன்றி செல்லாத்தா, முட்கள் சலசலக்க வந்து நின்றாள்.

"என்ன வடிவு, மணி சரியாயிற்றா?"

"உங்கள் வளையில் தொடுபலகை இருக்கிறதா, அக்கா?"

"இருந்தது. மூத்தவன் ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே சிலிர்த்துக்கொண்டான். கண்ணாடி விரிசல் விட்டது. இளையவன் அதன்மேல் உட்கார்ந்தான், கண்ணாடியே போயிற்று. எங்கள் உடம்புக்கு, தள்ளி நின்று பார்க்கிற கணினிதான் ஒத்துவரும், கண்ணு." செல்லாத்தா வானத்தை அண்ணாந்து பார்த்தாள். "ஒரு வரிதான் என்றாயே?"

"ஒரு வரிதான், அக்கா. அந்த ஒரு வரிக்கு யானையார் வழிவிட வேண்டும்."

இதற்குள் செய்தி காடெங்கும் பரவியிருந்தது. மருதமரத்தடியில் நிரலர் கூட்டம் திரண்டது. வடிவாம்பாளும் நம்பிக்கையோடு சென்று ஒரு தாழ்ந்த கிளையில் அமர்ந்தாள்.

கீரி வீரபாகு புற்றின் மேல் தாவி ஏறினான். "துரோகம்! பச்சைத் துரோகம்! நான் இக்காட்டை விட்டே வெளியேறுகிறேன்!" என்று முழங்கினான். முழங்கிவிட்டு அங்கேயே நின்றான்.

"நான் அன்றைக்கே சொன்னேன்," என்று தொடங்கினார் ஆமை சிதம்பரநாதர். "கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அதற்கு மேல் எது வந்தாலும் ஆபத்துதான் என்று..."

"நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பதிப்புகள் வந்துபோய்விட்டன, ஐயா!" என்றது கிளையில் தொங்கிய குரங்கு.

மயில் தோகையைச் சரிசெய்துகொண்டது. "எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. கட்டங்கள் எவ்வளவு வண்ணமாக இருக்கின்றன!"

"உமக்கு நிரல் எழுதத் தெரியுமா?" என்று கேட்டது குரங்கு.

"தெரியாது. அதனால்தான் நடுநிலையோடு பேச முடிகிறது."

காகம் கழுத்தைச் சாய்த்தது. "ஓசியில் தின்றவர்கள் இப்படிக் கூச்சலிடலாமா? கரும்பைக் கொடுத்து விலைப்பதிப்பை வாங்குங்கள், ஐயா. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்."

"கரும்பு கொடுத்தா வாங்கினீர்?" என்றது குரங்கு.

"இல்லை. திறந்த சன்னல் ஒன்று இருந்தது. தூக்கிக்கொண்டு வந்தேன்."

அப்போது தூக்கணாங்குருவி மணிமேகலை எழுந்தாள். "நாம் ஏன் யானையை நம்ப வேண்டும்? நமக்கென்று ஒரு பட்டறையை நாமே பின்னிக்கொள்வோம்!" காடே அதிரும்படி கைதட்டல் எழுந்தது. வடிவாம்பாளின் கண்கள் மேலும் பெரியவாயின. உடனே குழு அமைத்தார்கள். அது முதலில் தன் பட்டறைக்குப் பெயர் தேடியது. பெயர் கிடைக்காமையால், நிரலில் அடைப்புக்குறியை வரியின் இறுதியில் இடுவதா, அடுத்த வரியின் தொடக்கத்தில் இடுவதா என்ற கேள்விக்குத் தாவியது. குழு இரண்டாக உடைந்தது. உடைந்த இரண்டும் இரண்டிரண்டாக உடைந்தன. கடைசியில் மணிமேகலை ஒருத்தியே ஒரு குழுவாக எஞ்சினாள். அக்குழுவிலும் கருத்து வேறுபாடு இருந்ததாகக் கேள்வி.

"மழை வருகிறது," என்றாள் வடிவாம்பாள்.

"பொறு அம்மா, கொள்கையைப் பேசிக்கொண்டிருக்கிறோம்," என்றான் வீரபாகு. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "தோழர்களே! பார்க்காமல் திட்டுவது நிரலருக்கு அழகன்று. இந்தப் புதிய பட்டறை எவ்வளவு மோசம் என்பதை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்வோம். ஆராய்ந்தபின், ஆதாரத்தோடு திட்டுவோம்!" என்றான்.

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. ஆராய்வதற்காகக் காடு முழுவதும் புதிய பட்டறையைப் பதிவிறக்கியது. கணினி இல்லாத விலங்குகள் அண்டை வீட்டுக் கணினியில் பதிவிறக்கின. எல்லாக் கணினிகளிலும் அது ஒரே அளவுக்கு மோசமாக இருக்கிறதா என்று உறுதிசெய்ய, மான்கள் கண்ணில் பட்ட கணினிகளிலெல்லாம் பதிவிறக்கின. கரும்பு கொடுக்காமலேயே விலைப்பதிப்பை வைத்திருந்த காகமும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒன்றை இறக்கிக்கொண்டது.

மறுநாள் காலை, நிறுவனத்தின் சார்பில் பேசும் கிளி சுகந்தி பறந்துவந்து அறிவித்தாள்: "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். புதிய பட்டறைக்கு வரலாறு காணாத வரவேற்பு! உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்."

"வரவேற்பா!" என்று சீறினான் வீரபாகு. சீறிய கையோடு, விடிவதற்குள் ஏதேனும் மாற்றியிருப்பார்களோ என்ற ஐயத்தில் மறுபடியும் பதிவிறக்கினான்.

வடிவாம்பாள் கிளையிலிருந்து இறங்கினாள். யானையாரின் கூடத்தை நோக்கி, தேவாங்கு நடக்கக்கூடிய வேகத்தில் விரைந்தாள். வழி நெடுகிலும் பேச வேண்டியதை மனத்துக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டாள். முதலில் நன்றி, அடுத்து நம்பிக்கை, முடிவில் நியாயம்.

கூடத்துக்குள் திருவிழாவாக இருந்தது. சுவரில் மாபெரும் பலகை ஒன்று. அதில் பதிவிறக்கங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. ஏற ஏற யானைகள் துதிக்கை கோத்து ஆடின, தரை குலுங்கியது. கழுத்தில் மாலையோடு கசபதி நடுவில் நின்றார்.

"வா அம்மா, வா! நீயும் பதிவிறக்கினாயா?"

"இறக்கினேன், ஐயா. மேசைக் கணினிக்குக் கட்ட முடியவில்லை. இன்று கட்டாவிட்டால் முள்ளம்பன்றிக் குட்டிகள் வெள்ளத்தில் போய்விடும்."

கசபதியின் கண்கள் கலங்கின. மாலையின் நுனியால் துடைத்துக்கொண்டார். "கேட்கவே நெஞ்சு பதறுகிறது. ஆனால் முடிவு முடிவுதான் அம்மா."

"காடு முழுவதும் உங்களைத் திட்டுகிறது, ஐயா."

"திட்டட்டும். பலகையைப் பார்."

"அத்தனை பேரும் திட்டுவதற்காகவே பதிவிறக்கினார்கள்!"

"எதற்காக என்று அந்தப் பலகை கேட்பதில்லை. அது கேட்காததை நான் ஏன் கேட்க வேண்டும்?"

வடிவாம்பாள் நியாயத்தைத் தொடங்க வாயெடுத்தாள். அக்கணத்தில் பலகை மெல்லத் தளர்ந்து, நின்றுவிட்டது. ஒரு காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்த யானைகள், தூக்கிய காலை இறக்காமலே பலகையைப் பார்த்தன. கசபதியின் காதுகள் தொங்கின.

"சுகந்தி! ஏன் நின்றுவிட்டது?"

"பதிவிறக்காதவர் காட்டில் ஒருவரும் மிச்சமில்லை, ஐயா."

வடிவாம்பாள், கொண்டுவந்த நன்றி, நம்பிக்கை, நியாயம் மூன்றையும் விழுங்கினாள். "அவர்களை மறுபடியும் பதிவிறக்க வைக்கலாமே, ஐயா," என்றாள்.

"எப்படி?" காதுகள் நிமிர்ந்தன.

"மனம் திருந்திவிட்டதாக அறிவியுங்கள். மேசைக் கணினிக்கும் விலையில்லாப் பதிப்பு ஒன்றை வெளியிடுங்கள். உண்மையாகவே திருந்தினீர்களா, இதில் என்ன சூழ்ச்சி இருக்கிறது என்று பார்ப்பதற்காக எல்லாரும் ஓடிவருவார்கள். சூழ்ச்சி அகப்படாவிட்டால் கலங்கிப்போய் இன்னொரு முறையும் இறக்குவார்கள்."

கசபதி அவளைத் துதிக்கையால் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஐயா," என்றாள் கிளி, முதன்முறையாகச் சொந்தமாக ஒரு கேள்வி அமைத்து, "மேசைக் கணினி கடந்த காலம் என்று அறிவித்தோமே?"

"இப்போது அதுவே எதிர்காலம் என்று அறிவி!"

பதிப்பு வெளிவந்தது. முதல் ஆளாக வடிவாம்பாள் அங்கேயே ஒரு கணினியின் முன் அமர்ந்து, வரியைத் திருத்தி, 'கட்டு' பொத்தானை அழுத்தினாள். புதிய கரைமணி வளைகளுக்குப் போய்ச் சேரவும் மழை கொட்டத் தொடங்கவும் சரியாக இருந்தது. ஓடை பொங்கியது. மேசைக் கணினிகள் ஒருசேர அலறின. செல்லாத்தா குட்டிகளை முன்னே விரட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாள். கடைசிக் குட்டி மேட்டைத் தொட்டபோது வெள்ளம் வளைக்குள் புகுந்தது. உள்ளே யாரும் இல்லை.

மருதமரத்தடியில் நனைந்தபடி நின்ற நிரலர்கள் இது எதையும் கவனிக்கவில்லை. அவர்கள் புதிய பதிப்பைப் பதிவிறக்கி, சூழ்ச்சியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அகப்படவில்லை. "கண்ணுக்குத் தெரியாத சூழ்ச்சியா? அப்படியானால் மிகப் பெரிய சூழ்ச்சி!" என்று வீரபாகு நடுங்கினான். மறுபடியும் இறக்கினார்கள். பின்னர்த்தான், பட்டறையின் மேல்வரிசையில் இருந்த எழுத்துகள் கொஞ்சம் சாம்பல் நிறமாக இருப்பதை மணிமேகலை கண்டுபிடித்தாள். காடே மகிழ்ச்சியில் துள்ளியது. அடுத்த கண்டனக் கூட்டத்துக்கு அங்கேயே நாள் குறித்தார்கள்.

மேட்டின் மேல், ஈரக் குட்டிகளை அணைத்துக்கொண்டிருந்த செல்லாத்தா கேட்டாள்: "யானையாரிடம் எந்த நியாயத்தைச் சொல்லி மனத்தை மாற்றினாய், வடிவு?"

"நியாயம் எதுவும் சொல்லவில்லை, அக்கா. அவருடைய எண்ணிக்கை நின்றுபோயிருந்தது. அதை ஏற்ற ஒரு வழி சொன்னேன்," என்றாள் வடிவாம்பாள், முட்களிலிருந்து பாதுகாப்பான தொலைவில் அமர்ந்தபடி.

நீதி: கொடுமையைக் கண்டால் கொதித்தெழுங்கள், ஆனால் கொதிப்பதற்கு முன் அக்கொடுமையை இருமுறை பதிவிறக்கிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை ஏறுமானால் எந்த யானையும் திருந்தும்.