ஸ்கேன் குழாய்க்குள் ஒரு ‘சரிங்க’

மரியாதை என்னைக் கெடுத்த அளவுக்கு வேறெந்தக் கெட்ட பழக்கமும் கெடுத்ததில்லை. தர்மபுரியில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. மேலதிகாரி கூப்பிட்டால் “சரிங்க” என்றபடியே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவேன். (என்ன விஷயம் என்று அப்புறம்தான் கேட்பேன்.) போனில் கூப்பிட்டாலும் அப்படித்தான்.

போன மாம்பழ சீசனில், சென்னைக்கு மாறிப்போன பழைய அதிகாரிக்காக ஒரு கூடைப் பழத்துடன் மொரப்பூரில் ரயில் ஏறினேன். கூடையை ஒரே தூக்காகத் தூக்கி மேல் பலகையில் வைத்தேன். அதற்குப் பிறகு வலது கை மேலே போகவே இல்லை. சட்டை போட்டுவிடக்கூட மனைவி கலா வர வேண்டியதாயிற்று.

“எக்ஸ்ரேல எலும்பு நல்லாத்தான் இருக்குது. தசைநார் கிழிஞ்சிருக்குதான்னு எம்.ஆர்.ஐ.லதான் தெரியும். முழுசாக் கிழிஞ்சிருந்தா ஆபரேஷன்” என்றார் டாக்டர்.

ஆபரேஷன் என்றதும் நான் விரல்விட்டு நாள் எண்ணினேன். பத்து நாளில் பாப்பாரப்பட்டியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. நான் ஒரே தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடியை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசே வரவில்லை.

ஸ்கேன் சென்டரில் மோதிரம், பெல்ட், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். காதில் ஹெட்போன் மாட்டிக் குழாய்க்குள் தள்ளினார்கள். உள்ளே போர்வெல் போடுகிற சத்தம். அது நின்றதும் டெக்னீஷியன் குரல் வந்தது.

“சார், அடுத்தது அஞ்சு நிமிஷம். அசையாதீங்க.”

“சரிங்க” என்று எழுந்தேன். நெற்றி குழாயில் முட்டியது.

“ஐயோ, தோள் நகர்ந்துடுச்சு சார். மறுபடியும் மொதல்ல இருந்து எடுக்கணும். பதிலெல்லாம் சொல்லாதீங்க.”

“சரிங்க, மன்னிச்சுக்குங்க.” (இதற்கும் எழுந்தேன்.)

இப்படியே நாலு தடவை. கடைசியில் அந்த மனிதர் கெஞ்சினார்: “வெளிய ஆளுங்க காத்திருக்காங்க சார். இன்னொரு தடவை அசைஞ்சா அடுத்த வாரந்தான்.”

அடுத்த வாரம் காதுகுத்து! பதறிப்போய் “சரிங்க” என்றேன்.

கடைசி முயற்சியாக அவர், வெளியே காத்திருந்த கலாவை மைக் முன்னால் உட்காரவைத்திருக்கிறார். ஹெட்போனில் அடுத்து வந்தது அவள் குரல்.

“ஏங்க, அந்தப் புள்ளைய மடியில வெக்கணுமா வேணாமா? வூட்ல நான் பேசறப்ப எப்பிடிக் கெடப்பீங்களோ அப்பிடியே கெடங்க. கேக்குதா?”

நான் பதில் சொல்லவில்லை. அசையவும் இல்லை. பதினாறு வருஷப் பழக்கம், உடம்பு தானாகவே கட்டையாகிவிட்டது. டெக்னீஷியன் விவரமானவர். மிச்ச அறிவிப்புகளையெல்லாம் கலாவையே சொல்லவிட்டார். படம் கண்ணாடி மாதிரி விழுந்தது.

“கொஞ்சந்தான் கிழிஞ்சிருக்குது. ஆபரேஷன் வேணாம், பயிற்சி பண்ணுனா போதும்” என்றார் டாக்டர். கலா அங்கேயே அழுதுவிட்டாள். அவள் அவ்வளவு பயந்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அவள் சொல்லித்தான் இருப்பாள், நான்தான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

காதுகுத்தில் மருமகள் என் மடியில்தான் உட்கார்ந்தாள். திமிறியவளைப் பிடித்துக்கொண்டது கலா.

இப்போதும் சமையலறையிலிருந்து, “ஏங்க, கேஸ் புக் பண்ணிட்டீங்களா?” என்று கலா கேட்பாள். நான் பேப்பரில் மூழ்கியிருப்பேன். எங்கள் மகள்தான் பதில் சொல்வாள்.

“அம்மா, அப்பா ஸ்கேன்ல இருக்காரு.”