அவனும் நானும் ஒரு கருப்பு பீரும்

சுந்தரராஜுலுவைத் தோற்கடித்தே தீருவது என்று நான் சபதம் எடுத்தபோது என் கைவசம் இருந்த ஒரே ஆயுதம் மைதா மாவு.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வெங்கடபதி. பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். வீடு சிங்காநல்லூரில். மனைவி பங்காரம்மா, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் டீச்சர். வாரத்தில் ஆறு நாளும் ஊர்ப் பிள்ளைகளுக்கு 'ஏ எஸ் டி எஃப்' சொல்லிக்கொடுப்பாள். ஏழாவது நாள் எனக்கு இட்லி, பூரி, பணியாரம் என்று மூன்று தினுசில் டிபன் செய்வாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குப் பசி கொஞ்சம் கூடுதல்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்துக்கு அடுத்த வீட்டில்தான் சுந்தரராஜுலு குடிவந்தார். சூலூர் ஏர்ஃபோர்ஸில் ரேடியோ பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இஸ்திரி போட்ட கால்சட்டை. முறுக்கு மீசை. தட்டையான வயிறு. தட்டையான வயிற்றுக்காரர்களை நான் எப்போதுமே நம்புவதில்லை.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு தட்டு நீண்டது. தட்டில் நாலு துண்டு ரொட்டி. பேக்கரி ரொட்டி மாதிரி வெளுத்துப்போய்ப் பஞ்சாக இல்லை. நல்ல செங்கல் நிறம். மேலே வெண்ணெய் மினுமினுத்தது.

பங்காரம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. என் முன்னால் அவள் கண்ணை மூடுவது தூக்கம் வந்தால் மட்டும்தான்.

"ஏனம்மணி, என்னாச்சு? பல்லு வலியா?"

"ச்சும்மா இருங்க. என்ன ருசிங்க இது!"

"ரொட்டிதானே?"

"ரொட்டிதானேவா? ஆம்பளை ஒருத்தர் தன் கையால சுட்டதுங்க. ஈஸ்ட் இல்லாம, பிசையாம செய்யறாராமா. கருப்பு பீர் ஊத்தினா அதே பொங்கிக்குமாமா."

"பீரா!"

"அடுப்புல வெச்சா போதையெல்லாம் போயிருதுங்க. ருசி மட்டுந்தான் நிக்குது."

போதை போனது என்னவோ உண்மைதான். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அடுத்த வாரமும் தட்டு வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. பங்காரம்மா தினமும் ரொட்டி புராணம் பாடினாள். "ராஜுலு சாருக்கு எவ்வளவு பொறுமைங்க!" "ராஜுலு சார் சமையக்கட்டு கண்ணாடியாட்ட இருக்குதுங்க!" என் சமையலறையை அவள் ஒருநாளும் புகழ்ந்ததில்லை. அதைத் துடைப்பது அவள்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஒரு சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் பங்காரம்மா, அடுத்த தெரு பாத்திமுத்துவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவன் ஒண்ணு இருந்தா ஞாயித்துக்கெழமையே தனிதான் பாத்திமுத்து. எனக்கும் ஆசையாத்தான் இருக்குது. அவருக்குத் தெரிஞ்சா ஒத்துக்கமாட்டாரு."

செருப்பு என் கையிலேயே இருந்தது.

"எவன்?" என்றேன்.

"அவனுங்க."

"அதான், எவன்?"

"கரண்டுல வேலை செய்யுமில்லீங்க, அந்த அவன்."

"ஈ.பி. ஆபீஸ்காரனா?"

பாத்திமுத்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பங்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ரொட்டி சுடற அடுப்புங்க! அதுக்குப் பேரு அவன்!"

ஒரு மின்சார அடுப்புக்கு இப்படி ஒரு பெயர் வைத்தவன் எவனாக இருந்தாலும் கல்யாணம் ஆகாதவனாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்குத்தான் அந்தச் சபதம். சுந்தரராஜுலு சுடும் ரொட்டியை நானும் சுடுவேன். அதைவிட நன்றாகச் சுடுவேன். பங்காரம்மா மூடிய கண்ணைத் திறக்கவே கூடாது.

செய்முறையை ராஜுலுவிடம் கேட்பதா? அதற்கு அவர் வீட்டிலேயே போய்ப் பாத்திரம் கழுவலாம். ஆகவே உளவு பார்ப்பதென்று முடிவாயிற்று. எங்கள் மொட்டைமாடியில் டி.வி. ஆன்டெனா பக்கத்தில் நின்றால் அவருடைய சமையலறை ஜன்னல் நேர் கீழே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆன்டெனாவைத் திருப்புவதாகச் சொல்லிவிட்டு ஏறினேன். என் அதிர்ஷ்டம், ஜன்னல் அகலமாகத் திறந்திருந்தது. அதைவிட அதிர்ஷ்டம், அந்த மனுஷனுக்குத் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் வியாதி.

"மைதா மூணு டம்ளர்!" என்று அணிவகுப்பு மைதானத்தில் கத்துவதுபோலக் கத்தினார். "பேக்கிங் பவுடர் மூணு ஸ்பூன்! உப்பு ஒரு ஸ்பூன்! சர்க்கரை கால் டம்ளர்!"

கீழேயிருந்து பங்காரம்மா குரல் கொடுத்தாள். "ஏனுங்க, படம் தெரியுதுங்க! எறங்குங்க!"

"இன்னும் தெரியல!" என்று கத்தினேன்.

"நல்லாத் தெரியுதுங்க!"

"எனக்குத் தெரியல அம்மணி!"

கீழே ராஜுலு ஒரு பாட்டிலைத் திறந்தார். கஷாயம் மாதிரி ஒரு திரவம் நுரைத்துக்கொண்டு மாவில் இறங்கியது. "ரொம்பக் கலக்கக் கூடாது! மாவு ஈரமானாப் போதும்!" என்று யாருமில்லாத சமையலறைக்கு உத்தரவு போட்டார். பிறகு ஒரு தகர அச்சில் கொட்டி, வெண்ணெய் உருக்கி மேலே ஊற்றி, "ஒரு மணி நேரம்!" என்று முழங்கி அவனை மூடினார். என்ன தற்பெருமை! நான் மனப்பாடம் செய்துகொண்டு இறங்கினேன்.

அடுத்தது பீர். பீரை நான் சினிமாவில்தான் பார்த்திருந்தேன். சிங்காநல்லூரில் வாங்கினால் ஊரே பார்க்கும். அதனால் சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி உக்கடம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஒயின்ஷாப். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "கருப்பு பீர் இருக்குதுங்களா?" என்றேன்.

"சாருக்கு எந்த ஊரு? பீரைக் கலர் பார்த்துக் கேக்கறீங்க!" என்று சிரித்த கடைக்காரர், தூசி தட்டி ஒரு பாட்டிலை எடுத்தார். கையை நீட்டினேன். அதே நேரத்தில் பக்கத்தில் இன்னொரு கை நீண்டது. அந்தக் கையிலிருந்த மோதிரம் நான் போட்டது. என் மச்சினன் ராமுலு!

"மாமா!"

"ராமுலு!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முதுகுக்குப் பின்னால் கையை ஒளித்தோம்.

"மாமா, நீங்களுமா?"

"சத்தியமா இது ரொட்டி சுடறதுக்கு மாப்ளே."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு மரியாதையாகத் தலையாட்டினான். "நானும் அதுக்குத்தானுங்க மாமா. வாரத்துல மூணு நாள் சுடறேன். அக்காகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

பாட்டிலைப் பையின் அடியில் வைத்து, மேலே மார்க்கெட்டில் வாங்கிய பீர்க்கங்காயை அடுக்கி பஸ்ஸில் உட்கார்ந்தேன். முன் சீட்டிலிருந்து பாத்திமுத்து திரும்பினாள்.

"பையில என்னங்கண்ணா?"

எனக்கு வேர்த்துக் கொட்டியது. "பீர்..."

"பீரா!"

"...க்கங்காய்ங்க."

பஸ் ஒரு பள்ளத்தில் குதித்தது. பை 'ணங்' என்றது.

"பீர்க்கங்காய் சத்தம் போடுதே?"

"கொஞ்சம் முத்தினதுங்க."

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போது மட்டும், "அவன் வேணும்னா நம்மூட்ல இருக்குதுங்கண்ணா. நானகத்தா பிஸ்கட் சுடறது. தொடச்சு வெச்சிருக்கேன், எடுத்துக்குங்க" என்றாள். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். நான் கேட்காமலேயே அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நினைக்கவில்லை. பொறாமை பிடித்தவனுக்கு ஒரு சமயத்தில் ஒரு விஷயம்தான் ஓடும்.

மறுநாள் பங்காரம்மா விடியற்காலையிலேயே அவள் அண்ணி வீட்டாரோடு கொடுமுடிக்குக் கிளம்பினாள். காவிரியில் குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டுச் சாயங்காலம்தான் வருவாள். "டிபனுக்கு என்ன பண்ணுவீங்க?" என்றாள். "என்னைப் பத்திக் கவலைப்படாதே" என்றேன். அவள் முகத்தில் கவலை எதுவும் இருந்ததாக இப்போது யோசித்தால் ஞாபகம் இல்லை.

பாத்திமுத்து வீட்டு அவனையும் தகர அச்சையும் தூக்கிவந்து வைத்தாயிற்று. மாவு, பேக்கிங் பவுடர், உப்பு, சர்க்கரை. எல்லாம் அளந்தாயிற்று. பாட்டிலைத் திறந்தேன். உக்கடத்திலிருந்து சிங்காநல்லூர் வரை பஸ்ஸில் குலுங்கி வந்த பீர் அது. மூடி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. நுரை நேரே கூரைக்குப் போய், அங்கிருந்து என் தலைக்கு வந்தது. கண், காது, பனியன் எல்லாம் பீர். குனிந்து பார்த்தால் பாட்டிலில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பால்காரர் வந்தார். கதவைத் திறந்த என்னை ஒருமுறை முகர்ந்தார். "அம்மா ஊருல இல்லீங்களா?" என்று துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டுவிட்டுப் போனார்.

மாவு கையில் ஒட்டியது. கரண்டியில் ஒட்டியது. என் மீசையில் ஒட்டியது. எப்படியோ அச்சில் தள்ளி, வெண்ணெய் ஊற்றி, அவனுக்குள் வைத்து மூடினேன். பிறகு அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மூடியின் வட்டக் கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு பதறவில்லை. மாவு மெதுவாக அசைந்தது. உப்பியது. நடுவில் வெடித்து மேலே எழுந்தது. ஈஸ்ட் இல்லாமல் உப்பிய இன்னொரு பொருள் அந்த வீட்டில் என் தொப்பை மட்டும்தான். வாசனை வர ஆரம்பித்தது. வறுத்த தானியம் மாதிரி, கருப்பட்டி மாதிரி ஒரு வாசனை. எனக்கே எச்சில் ஊறியது.

சாயங்காலம் பங்காரம்மா உள்ளே நுழைந்தாள். மேஜைமேல் ரொட்டி. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"யாருங்க இது?" என்றாள், ரொட்டியைப் பார்த்து.

"நான்தான்."

"நீங்களா!"

"ஏன், ஏர்ஃபோர்ஸ்ல இருந்தாத்தான் சுட வருமா?"

ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். அவள் மென்றாள். நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக, மெதுவாக இமை இறங்கியது.

"ராஜுலு சார் செஞ்சதைவிட..." என்று இழுத்தாள்.

"ம்?"

"இதுதானுங்க நல்லா இருக்குது."

இத்தனை வருஷத்தில் என் கையால் அவளுக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணிகூட வைத்துக் கொடுத்ததில்லை. அவள் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

"வாராவாரம் ஞாயித்துக்கெழமை இது கெடைச்சா நான் வேற ஒண்ணும் கேக்கமாட்டனுங்க."

"வாராவாரம் செய்யறேன்!" என்று மார்பில் தட்டினேன். "என் கைமேல சத்தியம்!"

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின. பங்காரம்மா வெயில் வரும்வரை தூங்குவாள். நான் ரொட்டி சுடுவேன். ரொட்டி இருந்தால் காபி வேண்டுமில்லையா? காபியும் போடுவேன். காபி போட்டால் பாத்திரம் சேருமில்லையா? கழுவுவேன். அவள் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பாள். இட்லி, பூரி, பணியாரம் எல்லாம் வீட்டைவிட்டே போய்விட்டன. எனக்கு வருத்தம் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் அல்லவா?

ஜெயித்தவனுக்கு, தோற்றவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு ஞாயிறு, சூடான ரொட்டியைத் தட்டில் வைத்து ராஜுலு வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் மேஜையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சட்னி, சாம்பார், ஒரு கிண்ணம் பணியாரம்.

"வாங்க, வாங்க! ரொட்டியா? வேண்டாமுங்க, மன்னிச்சுக்குங்க. மெஸ்ஸுல வருஷக்கணக்கா ரொட்டியத் தின்னு நாக்கே செத்துப்போச்சு."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் சுட்டீங்க?"

"உங்க ஊட்டம்மா சொன்னாங்களேங்க!" என்றார் வெள்ளந்தியாக. "எனக்குத் தெரிஞ்ச சமையல் அது ஒண்ணுதான். 'ஜன்னலைத் தொறந்து வெச்சு, ஒவ்வொண்ணையும் சத்தமாச் சொல்லிச் சொல்லிக் கலக்குங்க. எங்க ஊட்டுக்காரரு கத்துக்கிட்டார்னா, உங்களுக்கு ஞாயித்துக்கெழமை ராத்திரிக்கும் சேர்த்து இட்லி'ன்னாங்க. வெள்ளிக்கெழமையே மாவு ஆட்டி, சனிக்கெழமை சுட்டுக் குடுத்தர்றாங்க. மகராசி!"

மேஜையிலிருந்த பணியாரத்தை ஒருமுறை பார்த்தேன். அது எனக்கு வரவேண்டிய பணியாரம்.

வீட்டுக்கு வந்தேன். பங்காரம்மா கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"ராஜுலு எல்லாத்தையும் சொல்லிப்போட்டாரு!" என்றேன்.

"அப்படீங்களா?"

"ஏன் அம்மணி இப்படிப் பண்ணினே? நேரா எங்கிட்டக் கேட்டிருக்கலாமல்ல?"

அவள் பேப்பரை மடித்தாள். "கேட்டேனுங்க. ஞாயித்துக்கெழமை ஒரு நேரமாச்சும் எனக்கு லீவு குடுங்கன்னு எத்தனை தடவை கேட்டேன்? 'பூரிக்குக் கெழங்கு வெச்சுட்டியா'ன்னு நீங்க திருப்பிக் கேட்டீங்க."

அவள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நிஜம். ஆனாலும் ஆண்பிள்ளை என்று ஒன்று இருக்கிறதே!

"செரி, ஒருதடவை ஏமாந்துட்டேன். இனி இந்த வித்தையெல்லாம் எங்கிட்டப் பலிக்காது. தெரிஞ்சுக்க!"

"செரிங்க" என்று பேப்பரைப் பிரித்தாள்.

ஒரு பக்கம் திருப்பினாள்.

"பாத்திமுத்து ஊட்டுக்காரரு ஷேக் பரீத் பாய் இருக்காரில்லீங்க?" என்றாள், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. "புதன்கெழமை புதன்கெழமை அவருதான் கொள்ளு ரசம் வெக்கறாராமா. வாசம் தெருமுனை வரைக்கும் வருதாமா. என்ன மனுஷனோ!"

ஷேக் பரீத் பாயை எனக்கு நன்றாகத் தெரியும். தீக்குச்சியை எந்தப் பக்கம் உரசுவது என்றே தெரியாத மனுஷன். இது பச்சைப் பொய். அதுவும் எனக்குத் தெரியும். அவள் எதற்காகச் சொல்கிறாள் என்பதும் தெரியும். வாய்விட்டுச் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொள்ளு ஊறப்போட்டேன்.