அந்தரம் அண்ணையின் சோளப்பொரி

கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, பிறகு தேத்தண்ணியையே ஏசுகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் நெளுக்குளத்தில் எங்கள் அடுத்த வீட்டில் இருக்கிறார். சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான். ஊருக்கு அவர் அந்தரம் அண்ணை. எதற்கும் அந்தரம், ஒரு நிமிசம் பொறுக்கமாட்டார். பஸ் நிற்கமுதல் இறங்கி விழுவார். செத்தவீட்டுக்குப் போனால், பிரேதம் எடுக்கமுதல் சுடலையில் போய் நிற்பார்.

அவருடைய மனைவி ராணி அக்கா பொறுமையில் பூமாதேவி. அந்தப் பூமாதேவியும் போன மாதம் வெடித்தார். பின்வளவில் ஆசையாகக் கச்சான் கடலை நட்டிருந்தார். மண்ணுக்குள் காய் பிடித்துவிட்டதா என்று பார்க்க, அண்ணை ஒவ்வொரு செடியாகப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் திரும்ப ஊன்றி வைத்திருக்கிறார். தோட்டமே வாடிப்போனது. அக்கா ஒட்டுசுட்டானில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். சனிக்கிழமை வந்து தையல் மெசினை எடுத்துக்கொண்டு போவதாகப் போனில் சொல்லிவிட்டார். மெசின் போனால் ஆளும் போனமாதிரித்தான்.

சனிக்கிழமை காலை அண்ணை வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து வந்தார். கல்யாணம் முடித்த புதிதில் வவுனியாக் கார்னிவலில் சீனிப்பாகில் பிரட்டிய சோளப்பொரியும் கச்சானும் வாங்கிக் கொடுத்தாராம். அக்காவுக்கு அதில் அப்படியொரு விருப்பமாம்.

"அதைச் செய்து வைச்சால் நிப்பாளடா தம்பி" என்றார். அந்தக் குரலைக் கேட்டபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் வீட்டுக் குசினிக்குள் போய்ப் பார்த்தால், கோழிக்கு வைத்திருந்த சோளன் சட்டியில் கிடக்கிறது. அது பொரியவில்லை, கருகியது. நான் கடைக்கு ஓடிப் பொரிக்கிற சோளன் வாங்கிவந்தேன். யூரியூப்பில் செய்முறை சொன்ன பெண்ணை அவர் பேசவிட்டால்தானே. "உவா சும்மா அலட்டுறா" என்று தள்ளித் தள்ளிப் பார்த்ததில், மூடி போடச் சொன்ன இடமும் போய்விட்டது. பொரி முகட்டுக்கும் அலுமாரிக்கும் பறந்தது. மிச்சத்துக்கு மூடி போட்டது நான். பட்டரும் சீனியும் உருகிப் பொன்னிறமானதும், பதம் பார்க்கிறேன் என்று அகப்பையை நக்கினார். அதோடு பேச்சும் நின்றது.

பொரியையும் வறுத்த கச்சானையும் பாகில் பிரட்டித் தட்டில் பரப்பினோம். ஆறினால்தான் மொறுமொறுக்கும், முதலே கை வைத்தால் பிசின்போல ஒட்டும் என்று சொல்லி அவரைக் கதிரையில் இருத்தினேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே அமத்திக்கொண்டு இருந்தார். கால் மட்டும் ஆடியது. வாசலில் ஓட்டோச் சத்தம் கேட்டதும் அதுவும் நின்றுவிட்டது.

மெசினைத் தூக்க வரும்படி ஓட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே அக்கா உள்ளே வந்தார். அசையாமல், வாய் திறக்காமல் இருந்த மனிதரைக் கண்டதும் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து நெற்றியில் கை வைத்தார்.

"என்னப்பா செய்யுது? காய்ச்சலே?"

அண்ணை நாக்கை நீட்டிக் காட்டினார். அக்கா நாக்கைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அலுமாரிக்கு மேலே கிடந்த பொரியைப் பார்த்தார். நெற்றியில் வைத்த கையை எடுக்காமலே, ஓட்டோவை அனுப்பிவிடச் சொன்னார்.

நான் அனுப்பிவிட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். உண்மையைச் சொன்னால், அந்த மனிதரின் சத்தம் கேட்காத நாளில் எனக்கும் ஒரு வேலை ஓடுவதில்லை.