முள்ளெலி இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்

மதிப்பிற்குரிய மச்சான் தண்டபாணி அவர்களுக்கு, சென்னியப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை பூங்கோதை, என் முழங்கால் மூவரும் ஒருவாறு இருக்கிறோம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் பொள்ளாச்சி வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள். வெயில் என்ற சொல்லை எழுதும்போதே கை கொஞ்சம் சூடாகிறது.

விஷயம் இதுதான். இந்தக் குளிர் தேசத்து மர மில் வேலையிலிருந்து ரிட்டையர் ஆகிவிட்டேன். ஊருக்கு வந்துவிடலாம் என்றால் உங்கள் தங்கை, "அங்க போயி என்னத்தப் பண்றதுங்க?" என்கிறாள். இந்த ஊர்ப் பாட்டுக்குழுவில் சேர்ந்ததிலிருந்து இதே பேச்சு. நான் சொன்னால் காதில் ஏறாது, அண்ணன் சொன்னால் கேட்பாள். அதட்டாமல் பக்குவமாகச் சொல்லி அவளைக் கிளம்ப வையுங்கள். அப்படியென்ன அவசரம் என்று கேட்பீர்கள். நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று வால்போரிப் பண்டிகை. ஏப்ரல் கடைசி நாள், அவரவர் தோட்டத்துச் சுள்ளியை ஏரிக்கரையில் குவித்து, சாயங்காலம் ஊரே கூடிக் கொளுத்தி, குளிர்காலத்தை வழியனுப்புவார்கள். குளிர்காலத்துக்கு இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, மதியத்திலிருந்து பனி கொட்டியது. வருஷா வருஷம் நான் ஓரமாக நின்று, ஒரு சாசேஜ் தின்று, காப்பி குடித்து, வாயைத் திறக்காமல் வீடு திரும்புகிறவன். நேற்றும் அப்படியே திரும்பியிருக்கலாம். கமிட்டித் தலைவி குன்வோர் அம்மாள் தீக்குச்சியை உரசப்போன நேரத்தில், குவியலுக்கு அடியில் பழுப்பாக, முள்ளு முள்ளாக ஏதோ என் கண்ணில் பட்டுவிட்டது. "உள்ள முள்ளெலி இருக்குது போல" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவுதான். குன்வோர் அம்மாள் தீப்பெட்டியைப் பைக்குள் போட்டுவிட்டார். முள்ளெலி சுள்ளிக்குள் குடியிருக்கும், அதைப் பார்க்காமல் கொளுத்துவது இங்கே பெரிய பாவம். அங்கேயே, அந்தப் பனியிலேயே, கூட்டம் போட்டார்கள். "இருக்கலாம்" என்றார் பக்கத்து வீட்டு ஸ்தூரே. "இல்லாமலும் இருக்கலாம்" என்றார் தபால்கார யெர்ட். "இல்லன்னு நாம நெனச்சு, அது இருந்துச்சுன்னா?" என்றார் குன்வோர் அம்மாள். இதில் சண்டை எங்கே இருக்கிறது? ஒருவரோடு ஒருவர் முழுக்க ஒத்துப்போய்க்கொண்டே வெகுநேரம் பேசினார்கள் மச்சான். கடைசியில், குவியலை மொத்தமாகப் பிரித்து நாலடி தள்ளி அடுக்குவது என்று முடிவாயிற்று. கிழவன் கிழவி, கைக்குழந்தைக்காரி, எல்லாரும் சுள்ளி சுமந்தோம். நான் பார்த்துச் சொன்னவன் என்பதால் பெரிய கட்டைகளாகப் பார்த்துத் தூக்க வேண்டியதாயிற்று. பாட்டுக்குழு வரிசையிலிருந்து உங்கள் தங்கை பார்த்த பார்வையில் நனைந்த சுள்ளியே பற்றியிருக்கும்.

எல்லாம் எடுத்த பிறகு அடியில் கிடந்தது ஒரு மிதியடி. வாசலில் போடுகிற தேங்காய் நார் மிதியடி. பொள்ளாச்சியில் பிறந்து, கயிறு திரிக்கிற களத்தில் விளையாடி வளர்ந்தவன், தேங்காய் நாரை முள்ளெலி என்று சொல்லி ஒரு ஊரையே சுமைதூக்க வைத்திருக்கிறேன். அது எங்கள் வீட்டு வாசலில் போன மாதம் வரை கிடந்த மிதியடி மாதிரியே இருந்தது. அதைப் பற்றி நானும் பூங்கோதையும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

நம் ஊர் என்றால் நாலு பேர் திட்டி, ரெண்டு பேர் சிரித்து, அதோடு முடிந்திருக்கும். இங்கே ஒருத்தரும் திட்டவில்லை. "சொன்னது நல்லதுதான்" என்றார் யெர்ட். "அடுத்த தடவை நெசமாவே இருக்கும்" என்றார் இன்னொருவர். இந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. அதற்குள் விறகு நனைந்துவிட்டது. தீ வராமல் புகை மட்டும் வந்தது. அந்தப் புகைக்குள் நின்று குன்வோர் அம்மாள் வசந்தம் வந்துவிட்டது என்று பேச, உங்கள் தங்கையும் குழுவினரும் இருமிக்கொண்டே அதையே பாட, நான் வேகாத சாசேஜைக் கையில் பிடித்துக்கொண்டு கைதட்ட முடியாமல் நின்றேன்.

திரும்பும்போது ஸ்தூரே கூட நடந்தார். இத்தனை வருஷமாகப் பனி அள்ளுவதைப் பற்றித் தவிர வேறு எதுவும் என்னோடு பேசாத மனிதர். "சென்னி, அடுத்த வருஷம் கொளுத்தறதுக்கு முன்னாடி நீ வந்து பாத்துக் குடுக்கணும்" என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன், அந்த முகத்தில் என்றைக்கு என்ன தெரிந்திருக்கிறது? "சரி" என்றேன். வாதாடத் தெம்பில்லை.

ஆகவே மச்சான், இனி என் உடம்பு தாங்காது. சீக்கிரம் உங்கள் தங்கையிடம் பேசுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாரும் மின்விசிறிக்கு அடியில் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
சென்னியப்பன்

பி.கு. உறையை ஒட்டப்போகையில் உங்கள் தங்கை எதிரில் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, நேத்து அந்தப் பனியில நின்னப்பவே எனக்கும் போதும்னு ஆயிருச்சு. நீங்க சொன்னாப்பல ஊருக்கே போயிரலாமுங்க" என்றாள். சந்தோஷம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன் மச்சான், வரவில்லை. அடுத்த வருஷத்துக்கு நான் வேண்டும் என்று இந்த ஊரில் ஒரு மனிதர் சொன்னது நேற்றுத்தான். காப்பி போடுகிறேன் என்று எழுந்து வந்து இதை எழுதுகிறேன். நீங்கள் போன் போட்டு, அங்கே தண்ணீர்க் கஷ்டம், இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.