மாவு மில் சத்தத்தில் வந்த ஆராய்ச்சி மையம்

மைசூரு, லஷ்கர் மொஹல்லா
செவ்வாய்க்கிழமை

அன்பும் மதிப்பும் மிகுந்த மச்சான் ஞானப்பிரகாசம் அவர்களுக்கு, உங்கள் தங்கை ரோசலினின் கணவன் மதலைமுத்து எழுதிக்கொள்வது. இங்கே என் காதைத் தவிர மற்ற எல்லோரும் நலம். ராமாபுரத்தில் உங்கள் முழங்காலும் கடையும் அக்காவும் சுகமாக இருக்க மாதாவிடம் தினமும் மன்றாடுகிறோம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் பேசினால் நீங்கள் சொல்வது எனக்குக் கேட்காது. ரோசலின் பேசினால் நான் சொல்ல நினைத்தது உங்களிடம் வந்து சேராது. அதனால்தான் கடிதம்.

மச்சான், எங்கள் மகன், நம் ரோனி திரும்பி வரப்போகிறான்!

அவன் ஐந்து வருடமாக டென்மார்க்கில், காது மிஷின் செய்கிற கம்பெனியில் இன்ஜினியராக இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனி புதிதாக ஓர் ஆராய்ச்சி மையத்தை வெளிநாட்டில் திறக்கப்போகிறது. முந்நூறு பேருக்கு வேலை. எந்த ஊரில் திறப்பது என்பதில்தான் போட்டி. போட்டி என்றால் உங்கள் பக்கத்து ஹனூருக்கும் கொள்ளேகாலுக்கும் நடக்கிற போட்டி இல்லை, நாட்டுக்கு நாடு! போலந்துக்காரர்கள் ஆராய்ச்சிச் செலவில் பெரும்பங்கை வரியில் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறார்களாம், பல்கலைக்கழகத்தில் ஒரு மாடியையே காலி செய்து வைத்திருக்கிறார்களாம். வியட்நாம்காரர்கள் இடமும் கொடுத்து, சில வருடம் வரியும் வேண்டாம் என்று சொல்லி, வரப்போகிற விஞ்ஞானிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பார்த்துவிட்டார்களாம். நாம் ரேஷன் கார்டில் ஓர் எழுத்தைத் திருத்த எத்தனை நடை நடந்தோம், நினைவிருக்கிறதா? ஒரு கம்பெனியைத் தாங்குவதற்கு இத்தனை நாடுகள் கையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன!

நம் பக்கத்திலிருந்து கையை நீட்டுவது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் மகள் லிசாதான். வெளிநாட்டுக் கம்பெனிகளை அழைத்து வரும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை என்று எழுதியிருந்தேனே, அந்த அலுவலகம்தான். நான்கு மாதமாக இட்லியைப் பிட்டுக்கொண்டே வரிச் சலுகை, மின்சாரச் சலுகை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். “சலுகை எல்லாரும் குடுப்பாங்கப்பா. வேற எங்கேயும் இல்லாதது உங்க ஊர்ல என்ன இருக்குன்னு கேக்கறாங்க” என்பாள். அதற்கு அவளுடைய அதிகாரி சுரேந்தர் கண்டுபிடித்த பதில், மைசூரு அமைதியான ஊர் என்பது. பளபளவென்று ஒரு புத்தகம் அச்சடித்து, முதல் பக்கத்திலேயே மரத்தடி பெஞ்சில் ஒரு பெரியவர் தூங்குகிற படத்தைப் போட்டுவிட்டார். இந்த மையம் மைசூருக்கு வந்தால் மாற்றல் கேட்பேன் என்று ரோனி சொன்னதிலிருந்து ரோசலின் அந்தப் புத்தகத்தை ஜெபப் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருக்கிறாள். பேத்திக்கு நான்கு வயது. வீடியோவில் எங்களிடம் டேனிஷ் மொழியில் பேசுகிறாள். நாங்கள் தலையை ஆட்டுகிறோம். எனக்காவது காது கேட்காது என்று ஒரு சாக்கு இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் ஊருக்கு வந்தார்கள். காது மந்தமான ஒரு பெரியவரை அவர் வீட்டிலேயே பார்த்துப் பேசவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். மரங்கள் சூழ்ந்த ஒரு லேஅவுட்டில் ஒரு பேராசிரியரை சுரேந்தர் ஏற்பாடு செய்திருந்தார். அன்றைக்கென்று பார்த்து அவருக்கு அம்மை போட்டுவிட்டது. காலை ஒன்பது மணிக்கு லிசா எனக்கு போன் செய்தாள். “அப்பா, பதினோரு மணிக்கு நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வர்றோம். அவங்க வர்றப்ப சத்தமே இருக்கக்கூடாது, புரிஞ்சதா? சத்தமே!”

எனக்குச் சாதமே இருக்கக்கூடாது என்று கேட்டது, மச்சான்.

வெள்ளைக்காரர்களுக்குச் சோறு ஆகாதுபோல என்று நினைத்து ரோசலினிடம் சொன்னேன். “அப்ப ராகிக் களி, முத்தே கிண்டிடலாம்” என்றாள். டப்பாவைத் திறந்தால் ராகி மாவு இல்லை, ராகிதான் இருக்கிறது. எதிர்வீட்டுப் பசவராஜின் மாவு மில் சாயங்காலம்தான் ஓடும். மகளின் மானம் போகிற விஷயம் என்று அவனிடம் கெஞ்சினேன். “ஆய்த்து சார், நிம்கோஸ்கர ஈகலே ஹாக்தீனி” என்று, எனக்காக இப்போதே ஓட்டுவதாகச் சொல்லி, நல்ல மனதோடு மில்லைத் திறந்தான். காலையிலேயே மில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் ஆளுக்கொரு டப்பாவோடு வரிசை கட்டிவிட்டார்கள். நல்ல காரியம் செய்தால் கூட்டம் தானாகச் சேரும் என்பது உண்மைதான்.

பதினோரு மணிக்கு கார் வந்து நின்றபோது நிலவரம் என்னவென்றால், எதிரே மில் பெல்ட் தடதடவென்று அடிக்கிறது, வரிசையில் யார் முன்னால் வந்தது என்று எங்கள் தெரு மாதேவிக்கும் இன்னொருத்திக்கும் சண்டை, உள்ளே ரோசலின் மிக்ஸியில் தேங்காய் அரைக்கிறாள், குக்கர் மூன்றாவது விசில், வாசலில் காய்கறி ஆட்டோ ஸ்பீக்கரில் கொத்தம்பரி மெந்த்யா என்று கத்துகிறது. சுரேந்தர் காரிலிருந்து இறங்கி, “மைசூரு ஒரு அமைதியான…” என்று ஆரம்பித்து, கேட்காததால் மறுபடி கத்தி, மூன்றாவது முறை வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். லிசாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்றுகூட அப்படி இல்லை.

“அப்பா, என்ன சொன்னேன் நான்?”

“ஒரு பருக்கை சாதம் கிடையாதும்மா, நீயே போய்ப் பாரு” என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான்கு மாத உழைப்பும், ரோனியும், பேத்தியும் அந்த மில்லிலேயே அரைபட்டுப் போகிறார்கள் என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வந்தவர்களுக்குத் தலைவி ஈங்கர் என்று ஒரு அம்மா, நெடுநெடுவென்று உயரம். நாற்காலியில் உட்கார்ந்ததும், காது மிஷினை ஏன் மாட்டவில்லை என்று லிசா மூலம் என்னைக் கேட்டார். ரோனி அனுப்பியது, அவர்கள் கம்பெனி மிஷினேதான், பீரோவில் இருக்கிறது. எனக்கு இருந்த பதற்றத்தில் மரியாதை எல்லாம் மறந்துவிட்டது. “அதை மாட்டினா மில்லு கேக்குது, மிக்ஸி கேக்குது, அடுத்த தெருவுல தட்டு விழுந்தா கேக்குது. என் பொண்டாட்டி பேசறது மட்டும் கேக்கல. அவ பேச்சக் கேக்கத்தான மாட்டினேன்? அது எதுக்கு எனக்கு?” என்று கத்திவிட்டேன். லிசா அழாத குறையாக அதை இங்கிலீஷில் சொன்னாள்.

ரோசலின் கரண்டியோடு வந்து, “அது மிஷின் கோளாறுன்னு சொல்லாதடி. முப்பத்தெட்டு வருசமா அப்படித்தான்” என்றாள். அதையும் சொல்லச் சொன்னார் ஈங்கர். சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் எழுந்து ஜன்னலைத் திறந்தார், மச்சான்! மூடவில்லை, திறந்தார்! கூட வந்தவர்களிடம் படபடவென்று ஏதோ பேசினார். பையிலிருந்து ஒரு கருவியை எடுத்துக்கொண்டு மூவரும் மில்லுக்கு ஓடினார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பத்து ஸ்பீக்கர் வைத்துப் பொய்யான சத்தம் உண்டாக்கித்தான் மிஷினைச் சோதிக்கிறோம், இந்த மாதிரி ஒரு நிஜத் தெரு எங்களிடம் இல்லை, உலகத்தில் காது மந்தமானவர்களில் பாதிப்பேர் இப்படிப்பட்ட தெருவில்தானே இருக்கிறார்கள் என்றாராம். பசவராஜ் மில்லை நிறுத்தப் போனபோது மூன்று பேரும் சேர்ந்து “நோ, நோ!” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மாதேவியை மறுபடி சண்டை போடச் சொன்னார்கள். அவளுக்குச் சொல்லியா தரவேண்டும்? எனக்கு மிஷினை மாட்டிவிட்டு, ரோசலினை மில் வாசலில் நிறுத்திப் பேசச் சொல்லி, எந்த வார்த்தை கேட்டது எது கேட்கவில்லை என்று இரண்டு மணி நேரம் எழுதினார்கள். அவள் இதுதான் சமயம் என்று முப்பத்தெட்டு வருடத்துப் பேச்சையும் பேசிவிட்டாள்.

சுரேந்தர் சும்மா இருக்கவில்லை. ஒரு மூலையில் நின்று புத்தகத்தில் இருந்த ‘அமைதியான’ என்ற சொல்லைப் பேனாவால் அடித்து, ‘உயிர்த்துடிப்பான’ என்று எழுதிக்கொண்டிருந்தார். முத்தேயை ஈங்கர் மென்று பார்த்துத் திணறினார். விழுங்கவேண்டும் என்று மாதேவி சாப்பிட்டுக் காட்டினாள். போகும்போது ஈங்கர் என் கையைப் பிடித்து, மிஸ்டர் முத்து, நாலு மாதமாக எல்லோரும் எங்களுக்குச் சலுகை சொன்னார்கள், நீங்கள் ஒருவர்தான் பிரச்சினை சொன்னீர்கள் என்றார். மிஷின் மாட்டியிருந்ததால் முழுதும் கேட்டது. லிசா என்னைக் கட்டிக்கொண்டாள், மச்சான். கல்யாணத்தன்றுகூட அப்படிக் கட்டிக்கொள்ளவில்லை.

ஆகவே மைசூருதான், சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்குத்தந்தையிடமே சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸுக்குள் ரோனி குடும்பத்தோடு வந்துவிடுவான். நீங்களும் அக்காவும் பத்து நாள் தங்குகிற மாதிரி வரவேண்டும். காலையில் பேத்தியைப் பள்ளிக்கு நான்தான் கூட்டிப் போவேன் என்று ரோசலினிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

உங்கள் பக்கம் நல்ல மழை பெய்து, கடையில் தார்ப்பாய் ஒன்றுகூட மிச்சமில்லாமல் விற்கவும், முழங்கால் மடங்கி நிமிரவும், ஆண்டவர் உங்களை நிறைவாக ஆசீர்வதிக்கட்டும்.

இப்படிக்கு,
மைசூருக்கு மையம் வாங்கிக்கொடுத்த
மதலைமுத்து

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது லிசா போன் செய்தாள். ரோசலின்தான் பேசினாள், அதனால் தப்பாகக் கேட்டிருக்க வழியில்லை. நான் சொன்னதைக் கேட்டு, நிஜத் தெருவின் சத்தம் உள்ள ஊரில்தான் மையம் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தார்களாம். அதை மனதில் வைத்து வியட்நாமுக்கும் போய்ப் பார்த்தார்களாம். அங்கே ஒரு சிக்னலில் நிற்கிற அளவு ஸ்கூட்டர்கள் நம் மொஹல்லா முழுக்கத் தேடினாலும் இல்லையாம், சத்தம் நம்மைவிட இரண்டு மடங்காம். வரியும் கிடையாதே. மையம் அங்கே போய்விட்டது. போகிறவர்கள் பட்டியலில் முதல் பெயர் ரோனி. லிசா அழுதாள், அப்புறம் அவளே பெங்களூரிலிருந்து விமானம் ஐந்து மணி நேரம்தான் என்று பார்த்துச் சொன்னாள். ரோசலின் பழைய பள்ளிக்கூட அட்லஸை விரித்து, டென்மார்க்கிலிருந்து ஒரு முறை, வியட்நாமிலிருந்து ஒரு முறை என்று விரலால் அளந்துகொண்டே இருக்கிறாள். “பாதி தூரம் வந்துட்டான்ல” என்கிறாள். இந்த முறை எனக்கு நன்றாகவே கேட்டது.