முருகையாவின் முதல் பத்து

தனேஸுக்குக் கல்யாணமாகி அவன் ஜொகூருக்குக் குடிபோன மறுநாளே முருகையா ஒரு பெரிய முடிவு எடுத்தார். மகன் படுத்திருந்த பின்னறை இனிமேல் இசைக்கூடம்.

முடிவு எடுத்தாரே தவிர, அதை மனைவி பாஞ்சாலையிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு வேண்டிய தைரியம் வரட்டும் என்று காத்திருந்தார். மூன்று வாரமாகியும் அது வரவில்லை.

அந்த அறையை லேசாக நினைத்துவிடக் கூடாது. ரிங்லெட் ஊருக்கு மேலே, மலையில் இருக்கும் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் வெயில் என்பது ஒரு சொத்து. காலையில் பனி, மத்தியானம் மழை, சாயங்காலம் மறுபடியும் பனி. நடுவில் ஒரு மணி நேரம் எட்டிப்பார்க்கிற வெயில் இந்த வீட்டில் பின்னறை ஜன்னலுக்குத்தான் வரும். மற்ற அறைகளில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. உப்பு தண்ணீராய் ஓடும். செருப்பை ஒரு வாரம் போடாமல் வைத்துவிட்டால் வெள்ளையாய்ப் பூசணம் முளைத்து, செருப்பா பூனைக்குட்டியா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

பாஞ்சாலைக்கும் அந்த அறைமேல் ஒரு கண். அவளுடைய சாமி படங்களெல்லாம் சமையலறையில், அடுப்புக்கு மேலே இருந்தன. முப்பத்தொரு வருஷத் தாளிப்புப் புகையில் முருகனுடைய மயில் கறுத்துப் போயிருந்தது. போன தைப்பூசத்துக்கு வந்த விருந்தாளி ஒருவர், வாகனம் காக்கை என்று நினைத்து, ‘சனீஸ்வரா, காப்பாத்து’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு முழுக்க பாஞ்சாலை சாப்பிடவில்லை.

அவளுக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. சாயங்காலம் விளக்கேற்றும்போது புருஷனும் பக்கத்தில் வந்து ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து கூப்பிடுகிறாள். அவரும் கல்யாணமான நாளிலிருந்து “இதோ வர்றேன்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முருகையா கொழுந்து லோரி ஓட்டுகிறவர். கிள்ளிய பச்சைக் கொழுந்தை மலைச்சரிவிலிருந்து பேக்டரிக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது வேலை. போன வருஷம் மேனேஜர் அவருக்குப் புது லோரி கொடுத்தார். ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்.

“என்ன முருகையா, பிரேக் சரியில்லையா?”

“கேசட்டுப் போட வாய் இல்லையே, துரை.”

பழைய லோரியே போதும் என்று வந்துவிட்டார். வீட்டில் அவருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகள். எல்லாம் கட்டிலுக்கடியில், தேயிலைப் பெட்டிகளில். லோரி சீட்டுக்கடியில் ஒரு பிஸ்கட் டின். அதில் பதினோரு கேசட்டு.

அந்தப் பதினொன்றுதான் அவருடைய உயிர். ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது. முதலாவது ‘ஆட்டுக்கல்லு அஞ்சலை’ என்கிற குத்துப்பாட்டுத் தொகுப்பு. இரண்டாவது ‘கொய்யாக்கா கொண்டாட்டம்’. மூன்றாவது, ‘அண்ணன் வாங்கிய வளையல்’ என்ற படத்தின் கதை வசனம். பேக்டரியில் கிளம்பும்போது அதைப் போட்டால், சரியாக அணைக்கட்டு வளைவில் தங்கச்சி வளையலைக் கழற்றிக் கொடுப்பாள். முருகையா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுவார். எதிரே வருகிற கறிகாய் லோரிக்காரர்கள் அவருக்குக் கண்வியாதி என்றே முடிவுகட்டியிருந்தார்கள். ஊசி போடுகிற கிளினிக் மிஸ்ஸி ஒருத்தி இரக்கப்பட்டு, கேட்காமலேயே சொட்டு மருந்து கொடுத்தனுப்பினாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி கைப்பேசியில் வந்தது. ‘மலைநாட்டு இசை ரசிகர் குழு’ என்று நூற்று நாற்பத்தாறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழு. அதை நடத்துபவர் மலையடிவாரத்தில், தாப்பா டவுனில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராதாகிருஷ்ணன். ‘உங்கள் மனத்துக்குப் பிடித்த முதல் பத்து இசைத்தொகுப்புகளையும் ஒரு படத்தையும் எழுதுங்கள். சிறந்த பட்டியல் எழுதியவரின் வீட்டுக்கு நானே நேரில் வந்து “இசைச் செம்மல்” பட்டம் சூட்டுவேன்’ என்று எழுதியிருந்தார்.

முருகையா சட்டையை மாற்றிக்கொண்டு எழுத உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. பாஞ்சாலை எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க எழுதுறீங்க? லீவு லெட்டரா?”

“எனக்குப் புடிச்ச பத்து கேசட்டு.”

“அதுக்கா இத்தன நேரம்? லோரில போயி டின்ன தொறந்து பாத்து எழுதிட்டு வாங்க.”

“அது சும்மா, தூக்கம் வராம இருக்கக் கேக்குறதுலா. ரசனைங்கறது வேற.”

“ரசிக்கிறது ஒன்னு, ரசனை ஒன்னா?”

“ஒனக்கு அதெல்லாம் புரியாது. நீ பூண்ட உரி.”

அவள் பூண்டை உரித்தாள்.

முருகையா எழுதி முடித்தார். முதலிடம் நாதஸ்வரம். இரண்டாமிடம் வீணை. அப்புறம் புல்லாங்குழல், தவில், இன்னொரு நாதஸ்வரம், சாமி பாட்டு, மறுபடியும் வீணை. இப்படிப் பத்து. எல்லாம் டவுனில் ஒரு கேசட் கடையை மூடியபோது மொத்தமாக அள்ளிவந்த பெட்டியில் வந்தவை. இருபது வருஷமாக அவர் அதைத் திறந்ததே இல்லை. உறையில் இருந்த பெயர்களைப் பார்த்து எழுதினார். படத்துக்கு, யாருமே பேசாத ஒரு படத்தை எழுதினார். அதில் ஒரு பெரியவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று முருகையாவுக்குத் தெரியாது. தூங்கிவிட்டார்.

மற்றவர்களெல்லாம் உள்ளதை உள்ளபடி சினிமாப் பாட்டாக எழுதியிருந்தார்கள். முருகையாவின் பட்டியல் போனதும் கைப்பேசி டிங் டிங்கென்று அடித்தது. கும்பிடு போட்ட கைப் படங்களாக வந்து குவிந்தன. ‘இப்படியும் ஒரு ரசிகரா! ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டில் இருப்பேன்’ என்று ராதாகிருஷ்ணன் எழுதினார்.

காத்திருந்த தைரியம் அப்போதுதான் வந்து சேர்ந்தது.

“பாஞ்சாலை, ஞாயித்துக்கெழம ராதாகிருஷ்ணன் சார் வர்றாரு. பின்னறைய இசைக்கூடமா ஆக்கலாம்னு இருக்கேன்.”

பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் நின்றார். பாஞ்சாலை கையைத் துடைத்துக்கொண்டாள்.

“படிச்ச மனுசன் வர்றாரு. அந்த ரூம என்ன பண்ணலாம்னு அவரே சொல்லட்டும். அவரு சொன்னபடி செஞ்சிடுவோம்.”

“பேச்சு மாற மாட்டியே?”

“முருகன் மேல சத்தியம். நீங்க?”

“நானும்தான்லா!”

இத்தனை சுலபமாக ஒரு மனைவி சம்மதித்தால் புருஷனுக்குச் சந்தேகம் வர வேண்டும். முருகையாவுக்குச் சந்தோஷம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாப்பாவிலிருந்து வளைவு வளைவாக ஏறிவந்த ராதாகிருஷ்ணன், காரிலிருந்து இறங்கும்போது வெளுத்துப்போயிருந்தார். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே உள்ளே வந்தார். பாஞ்சாலை கொடுத்த இஞ்சி டீயைக் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

“ஐயா, உங்க பட்டியலப் பாத்துட்டு எனக்கு ரெண்டு நாளா தூக்கமில்ல. அந்த முதல் நாதஸ்வரத்தை உங்க பக்கத்துல உக்காந்து கேக்கணும். போடுங்க.”

முருகையா கட்டிலுக்கடியில் புகுந்து பெட்டியை இழுத்தார். உறையைத் திறந்தார். நாடா முழுக்கத் தயிர் ஊற்றியது மாதிரி வெள்ளையாய் இருந்தது. சட்டையில் துடைத்துவிட்டு மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேசட் மெஷினில் போட்டார்.

நாதஸ்வரம் கேட்டது. ஆனால் வாசிப்பவர் கிணற்றுக்குள் விழுந்துகொண்டே வாசிப்பது போல் கேட்டது.

“கொஞ்சம் பழசு, சார். வீணைய போடுறேன்.”

வீணை, தகரம் வெட்டுகிறவர் கையில் அகப்பட்டிருந்தது. மூன்றாவதாகப் போட்ட புல்லாங்குழலை மெஷின் வாய்க்குள் இழுத்து முழுங்கத் தொடங்கியது. முருகையா ஒரு முனையைப் பிடித்து இழுக்க, மெஷின் மறுமுனையை இழுக்க, இரண்டு பேருக்கும் நடுவில் நாடா நூடுல்ஸாகத் தொங்கியது.

ராதாகிருஷ்ணன் ஒரு கேசட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த முகம். வீட்டுப்பாடம் செய்யாதவனைக் கண்டுபிடிக்கிற முகம்.

“ஐயா, அடிக்கடி கேக்குற கேசட்டுல பூசணம் வராதே. இதெல்லாம் கடைசியா எப்ப கேட்டீங்க?”

முருகையா தொங்கிய நாடாவை விரலில் சுற்றினார். நூற்று நாற்பத்தாறு பேரும் ஜன்னலில் நின்று எட்டிப் பார்ப்பது போல் இருந்தது. ‘முருகா’ என்றார் மனதுக்குள். பல வருஷங்களில் இதுதான் முதல் தடவை.

பாஞ்சாலை சமையலறையிலிருந்து வந்தாள்.

“சார், அவரு இதையெல்லாம் மெஷின்ல போட மாட்டாரு. தேஞ்சிடுமாம். கேசட்ட நெஞ்சில வச்சிக்கிட்டுக் கண்ண மூடிக்குவாரு. உள்ளுக்குள்ளயே ஓடும்.”

“உள்ளுக்குள்ளேயா!”

“ஆமா சார். சில நாளு கொறட்டகூட தாளத்தோடதான் வரும்.”

ராதாகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து முருகையாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முருகையா மனைவியைப் பார்த்தார். இப்படியொரு மனைவி கிடைக்க என்ன புண்ணியம் செய்தோம் என்று நினைத்தார். அந்த நினைப்பு ஏறக்குறைய நாலு நிமிஷம் நீடித்தது.

“ஐயா, இந்தப் பொக்கிஷத்தை ஈரத்துல வைக்கலாமா? வீட்டுல வெயில் வர்ற அறை ஏதாவது இருக்கா?”

“இருக்கு சார்! வாங்க சார்!” முருகையா குதித்தோடிப் பின்னறைக் கதவைத் திறந்தார். அன்றைக்கென்று வெயிலும் அடித்தது. “இந்த ரூம்தான். இசைக்கூடமா ஆக்கப்போறேன்.”

“அருமை! இங்கதான் இருக்கணும்.”

முருகையா பாஞ்சாலையை வெற்றிப் பார்வை பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, பணிவாகக் கேட்டாள்.

“சார், எனக்குப் பெரிய படிப்பு இல்ல. ஒரே ஒரு சந்தேகம். அவரு எழுதின பத்தும் கோயில்ல வாசிக்கிறது. சாமி முன்னாடி வாசிக்கிறத, சாமி இல்லாத எடத்துல வைக்கலாங்களா?”

“வைக்கவே கூடாதும்மா!” ராதாகிருஷ்ணன் பதறிப்போனார். “உங்க பூஜை அறை எங்க?”

“அடுப்புக்கு மேல சார்.”

அவர் சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். மயிலை உற்றுப் பார்த்தார். திரும்பி வந்து முருகையாவை, இத்தனை பெரிய பக்தர் எப்படி இதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்பதுபோல் பார்த்தார்.

“ஐயா, கிழக்குச் சுவர்ல சாமி படங்கள். நடுவுல விளக்கு. கீழ ஒரு பலகை போட்டு உங்க பத்தும். அவ்வளவுதான்.”

“சார், மீதி முந்நூத்தி ரெண்டு?”

“பட்டியல்லயே இடமில்லாததுக்கு இந்த அறையில எதுக்கு இடம்?”

“அது வந்து சார், இசைக்கூடம்னா நான் என்ன நெனச்சேன்னா...”

“ஏங்க,” என்றாள் பாஞ்சாலை, தேன் மாதிரி. “லோரில இருக்கிற பிஸ்கட் டின்ன எடுத்தாரட்டுமா? சாரும் பாக்கட்டுமே.”

“என்ன டின்?” என்றார் ராதாகிருஷ்ணன்.

“காலி டின்னு சார்,” என்றார் முருகையா. “நீங்க சொன்னபடியே செஞ்சிடலாம் சார்.”

ராதாகிருஷ்ணன் பொன்னாடை போர்த்தினார். படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினார். கிளம்பும்போது ஒரு யோசனையும் சொன்னார். பூசணம் பிடித்த நாடாவை வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, பேனாவைக் கேசட்டின் ஓட்டைக்குள் விட்டுக் கையால் சுற்றிச் சுற்றித் துடைத்து, தினமும் கொஞ்சம் கேட்க வேண்டும். கேட்டதைப் பற்றிக் குழுவில் தினமும் நாலு வரி எழுத வேண்டும். இசைச் செம்மலுக்கு அது கடமை.

“எத்தன மணிக்குக் கேட்டா நல்லதுங்க சார்?” என்று பாஞ்சாலை கேட்டாள். “நான் ஆறரைக்கு வெளக்கேத்துவேன்.”

“அதைவிட நல்ல நேரம் எதும்மா?”

கார் வளைவில் மறைந்ததும் முருகையா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அதெல்லாம் பூசணம் புடிச்சுக் கெடக்குதுன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“கட்டிலுக்கடில கூட்டுறது யாருங்க?”

“அப்ப, எழுதுறப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்கதான என்னைப் பூண்டு உரிக்கச் சொன்னீங்க.”

மறுநாள் ஆறரை மணி. பின்னறைச் சுவரில் முருகன் படம் தொங்கியது. பாஞ்சாலை சோடா மாவு போட்டுத் துடைத்ததில் மயிலுக்கு நீலம் திரும்பிவந்திருந்தது. விளக்கு எரிந்தது. பக்கத்தில் இசைச் செம்மல் முருகையா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு, மடியில் பூசணம் பிடித்த நாதஸ்வரம், வலது கையில் பேனா. சுற்றினார்.

பாஞ்சாலை கண்ணை மூடிக் கும்பிட்டாள். கும்பிட்டுக்கொண்டே பூஜை மணியை எடுத்து அவருடைய இடது கையில் வைத்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் மணியை அடித்தார்.

“தாளம் தப்புது, செம்மல்,” என்றாள் பாஞ்சாலை.