குதிகாலில் ஒட்டிய சிவப்பு அம்பு

பெருமை பிடித்தவளுக்கு முன்னால் இருப்பதெல்லாம் தெரியும். பின்னால் ஒட்டியிருப்பது மட்டும் தெரியாது. நான் அந்த ரகம்.

எம்.எஸ்சி. முடித்ததும் வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவர் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இருந்தது ஒரே இடம். கிடைக்காவிட்டால் அம்மா தையல் மிஷினில் உட்காரும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்கும் ஒரு மிஷின் தயார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான் (இதைத் தெருவில் ஒருவரையும் மறக்க விட்டதில்லை).

ஏற்றுமதிக்குத் தேறாமல் கம்பெனியில் கழித்த கறுப்பு ஷூ ஒரு ஜோடியை அம்மா வாங்கி, விட்டுப்போயிருந்த குதிகால் தையலைத் தானே போட்டுக் கொடுத்தாள். செருப்பில் வந்திருந்தவர்களுக்கு நடுவே, ஜெர்மனிக்குப் போகவேண்டிய ஷூவில் டக் டக்கென்று உள்ளே போனேன்.

"டிஎன்ஏ அறுந்துபோனா பக்கத்து ஜீனெல்லாம் என்ன ஆகும்? போர்டுல வரைஞ்சு சொல்லும்மா" என்றார், தேர்வுக் குழுவின் நடுவே உட்கார்ந்திருந்த பேராசிரியை.

திரும்பி வரைந்தேன். பின்னால் சிரிப்பு. படம் தப்பு போல என்று அழித்தேன். மறுபடி வரைந்தேன், மறுபடி சிரிப்பு. சரியான படத்தை மூன்று முறை அழித்த ஒரே விஞ்ஞானி உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். அறுந்த இடத்தைச் செல் சரிசெய்யும்வரை பக்கத்து ஜீன்களின் வாயை அடைத்துவைக்கும் என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"சரி பண்ணி முடிச்சப்புறம்?"

படித்ததெல்லாம் பறந்துவிட்டது. பேராசிரியைக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"சரி விடு. குதிகால்ல என்னம்மா அது, சிவப்பா?"

திரும்பிக் குனிந்து பார்த்தேன். குறை இருக்கும் இடத்தைக் காட்ட, கம்பெனியில் செக்கிங் செய்பவர்கள் ஒட்டும் அம்பு ஸ்டிக்கர். நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன் (ஷூவோடு).

"டேமேஜ்னு அர்த்தம் மேடம். இது இருந்தா பேக்கிங்குக்கு அனுப்ப மாட்டாங்க."

"இன்னும் டேமேஜா?"

"இல்ல மேடம், அம்மா தச்சுட்டாங்க. ஸ்டிக்கரத்தான் எடுக்க மறந்து..."

பாதியில் விட்டுவிட்டு போர்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஜீனும் அப்படித்தான் மேடம். ரிப்பேர் முடிஞ்சதும் வாயை அடைச்ச அடையாளத்தை எடுத்துடணும். சில நேரம் அது தங்கிடும். ஜீன் நல்லாத்தான் இருக்கும். ஆனா பேசாது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார்கள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. அந்த அடையாளத்தை எப்படி எடுப்பது என்பதுதான் இன்றுவரை என் ஆராய்ச்சி. அம்மாவிடம் பதில் முன்பே இருக்கிறது. வீட்டில் சண்டை ஓய்ந்து சமாதானமான பிறகும் நான் உம்மென்று உட்கார்ந்திருந்தால், கடந்துபோகிறபோது சொல்லிவிட்டுப் போவாள்:

"அதான் தச்சாச்சே, இன்னும் இன்னாடி? ஸ்டிக்கர எடு."